வெளிநாட்டில் படித்த பிள்ளைக்குத் தமிழக ஒதுக்கீடு கிடைக்குமா?

கோவளம், மாமல்லபுரம், செங்கல்பட்டு பகுதிகளிலிருந்து வளைகுடா சென்று குடும்பத்தோடு வசிப்பவர்கள் உண்டு. அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் கல்லூரிக்காக ஊர் திரும்பும்போது, "பரம்பரையாக இந்த ஊர்க்காரர்கள் நாங்கள், இதற்கு மேல் என்ன சான்று?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆனால் கலந்தாய்வில் முதலில் பார்க்கப்படுவது, பிள்ளை எங்கே படித்தது என்பதுதான்.

பொறியியல் கலந்தாய்வுக்கு 8 முதல் 12 வரையிலும், எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு 6 முதல் 12 வரையிலும் தமிழகத்திலேயே படித்தவர்களுக்குத் தனிச் சான்று தேவையில்லை. இடையில் ஓராண்டு வெளியே படித்திருந்தாலும், நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் அவசியம். தற்போது இங்கே குடியிருப்பதற்கான சான்று வேறு, இது வேறு. மாற்றி வாங்கிவிட வேண்டாம்.

இதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் வழங்குவார். பெற்றோரின் பள்ளிச் சான்றுகள், குடும்ப அட்டை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான். ஆகவே பழைய ஆவணங்களில் காஞ்சிபுரம் மாவட்டம் என்று இருந்தால் கலங்க வேண்டாம்.

நமக்குரிய 3.5 விழுக்காடு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் ஒதுக்கீடும் இதோடு இணைந்தது. அதற்குச் சாதிச் சான்றிதழும் வேண்டும். பிற மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இங்கே படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் பொதுப்பிரிவினராகவே கருதப்படுவர்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரியவை. அவற்றுக்கு மாநிலம் பார்ப்பதில்லை. மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. எம்.பி.பி.எஸ். சேர்க்கையை அது மாற்றவில்லை.

சிலர் அவசரத்தில் பொய்யான முகவரி காட்டியோ, இரண்டு மாநிலங்களில் உரிமை கோரியோ சான்று பெற முயல்கிறார்கள். பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அப்படிப் பெறும் இடம் இன்னொரு பிள்ளையின் ஹக்கு. அது தெரியவந்தால் நம் பிள்ளையின் படிப்பும் பாழாகும்.

எனவே பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வரை காத்திராமல், முந்தைய விடுமுறையில் ஊர் வரும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அந்தந்த ஆண்டின் விதிமுறைக் கையேட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் வழங்குவானாக!