ஒரே கதவிலக்கம், பல குடித்தனம்

ராயபுரத்துப் பழைய தெருக்களில் ஒண்டுக்குடித்தன வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் ஒரே கதவிலக்கம். உள்ளே ஐந்தாறு குடும்பங்கள். அந்தத் தெருக்களுக்கு வரும் இணையமும் பெரும்பாலும் இப்படித்தான் குடியிருக்கிறது.

இணையத்தில் கதவிலக்கம் என்பது ஐ.பி. எண். கேபிள்காரர் ஃபைபரை இழுத்துக் கொடுத்து மோடத்தைப் போட்டதும், அது இணைய நிறுவனத்தின் கருவியிடம் எண் கேட்கும். கையிருப்பில் காலியாக உள்ள ஒன்று தவணைக்குக் கிடைக்கும். கரண்ட் போய் வந்தால் வேறு எண் வரலாம்.

நிறுவனத்துக்கு எண் எங்கிருந்து வருகிறது? உலகக் கையிருப்பைப் பராமரிப்பது ஐயானா. ஆசிய-பசிபிக் பகுதிக்குப் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக். அதன்கீழ் இந்தியாவில் நிக்ஸி நடத்தும் ஐரின். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். 2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா தன் கடைசித் தொகுப்புகளையும் பகிர்ந்து கொடுத்துவிட்டது. ஏப்ரலில் ஏப்னிக் ரேஷன் முறைக்கு மாறியது.

அதனால்தான் ஒண்டுக்குடித்தனம். பல வீடுகளுக்கு வெளியுலகில் ஒரே எண். உள்ளே வீட்டுக்கொரு தனி எண். இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களை 2012-இல் ஒதுக்கினார்கள். ஒரு பொது எண்ணுக்கு 65,536 போர்ட்டுகள், அதாவது எண்ணிட்ட வழிகள், உண்டு. எந்த வீட்டுக் கோரிக்கை எந்தப் போர்ட் வழியாக வெளியே போனது என்று நிறுவனத்தின் கருவி குறித்துவைத்து, பதிலை அந்த வீட்டிலேயே சேர்க்கும்.

சிக்கல், வெளியிலிருந்து முதலில் வந்து கதவைத் தட்டுபவருக்கு. திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் வெளியூரிலிருந்து தன் சிசிடிவி பெட்டியை நேரடியாகத் திறக்கப் பார்த்தால், அழைப்பு பொது வாசலோடு நின்றுவிடும். எந்தக் குடித்தனத்துக்கு என்று குறிப்பில் இராது. கேமரா நிறுவனத்தின் ஆப் மூலம் சுற்றுவழியில் பார்க்கலாம். இல்லையென்றால் கூடுதல் கட்டணம் கட்டி, ஸ்டாட்டிக் ஐ.பி. எனும் மாறாத பொது எண்ணைத் தனக்கென வாங்க வேண்டும். சைபர் குற்ற விசாரணையிலும் இதே தலைவலிதான்: எண் மட்டும் தெரிந்தால் போதாது, போர்ட்டும் நேரமும் தெரிந்தால்தான் வீட்டைப் பிரித்தறிய முடியும்.

நிரந்தரத் தீர்வு ஐபிவி6. அதில் ஒரு வீட்டுக்கு வழக்கமாகத் தரும் மிகச் சிறிய ஒதுக்கீடே 429 கோடியை 429 கோடியால் பெருக்கிய அளவு. இந்தியாவில் ஜியோ 2016-இல் சேவை தொடங்கியதிலிருந்தே இதைப் பெருமளவில் பயன்படுத்துகிறது. ஆனாலும் பழைய முறை மட்டுமே தெரிந்த தளங்கள் இன்னும் இருப்பதால், சென்னை வீட்டு வாசல்களில் 'பழைய எண், புதிய எண்' இரண்டும் எழுதியிருப்பதுபோலப் பல மோடங்கள் இரண்டையும் சுமக்கின்றன.

உங்கள் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 'வான் ஐ.பி.' என்ற வரியைப் பாருங்கள். எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், நீங்களும் ஒண்டுக்குடித்தனக்காரர்தான்.