அழைத்தால் மட்டும் விழிக்கும் சில்லு

திருநெல்வேலியிலிருந்து மதுரை நோக்கிப் பயணம் செய்தவர்கள் கங்கைகொண்டானைக் கடந்திருப்பீர்கள். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் டாட்டா பவர் குழுமத்தின் சூரிய மின்தகடு ஆலை இயங்கி வருகிறது. 2023-இல் தகடுகளும், அடுத்த ஆண்டில் அவற்றுக்கான மின்கலங்களும் அங்கே உற்பத்தியாகத் தொடங்கின. ஆண்டொன்றுக்குச் சுமார் 4,300 மெகாவாட் அளவுக்குத் தகடுகள் செய்யும் திறனுடையது அது. வெயிலுக்குக் குறைவில்லாத நெல்லைச் சீமைக்குப் பொருத்தமான தொழில்தான்!

ஆயினும், சூரியன் மறைந்தபின் என்ன செய்வது? சூரிய ஒளியில் இயங்கும் தெருவிளக்கு, பகலில் சேமித்த மின்சாரத்தை விடியும்வரை சிக்கனமாகச் செலவிட்டாக வேண்டும். அந்தக் கணக்கைப் பார்ப்பது விளக்கினுள் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு சில்லு. மைக்ரோ கண்ட்ரோலர் என்பது அதன் பெயர், நுண்கட்டுப்படுத்தி எனலாம். கணக்கிடும் மூளை, நினைவகம், கடிகாரம் யாவும் ஒரே துண்டில் அடங்கியது. மெகாவாட் மின்சாரத்தைப் பற்றி நாளேடுகள் நிறையவே எழுதுகின்றன. நாம் இங்கே காண இருப்பது, வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட வீணாக்காத இந்தச் சில்லின் சிக்கனத்தை.

உங்கள் இல்லத்திலேயே இது இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லாமல் இராது. நோன்புக் காலத்தில் சஹர் நேரத்திலும் அதை எடுத்துப் பார்ப்போர் பலர். பல கருவிகளில் இருப்பது நாணய வடிவிலான ஒரு சிறிய பாட்டரி மட்டுமே. ஆனாலும் பட்டையைச் செருகியதும் திரையில் எழுத்து தோன்றுகிறது. அதுவரை உள்ளே இருந்த சில்லு என்ன செய்துகொண்டிருந்தது? உறங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் யாரேனும் வந்திருக்கிறார்களா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்கும் வீட்டுக்காரரை எண்ணிப் பாருங்கள். அழைப்பு மணி ஒன்றை மாட்டிவிட்டால் அவர் நிம்மதியாகக் கண்ணயரலாம் அல்லவா? சில்லுக்கும் அத்தகைய மணி உண்டு. அதுவே இண்டரப்ட் எனப்படும் குறுக்கீடு. பட்டை செருகப்பட்டாலும், பொத்தான் அழுத்தப்பட்டாலும், கடிகாரம் குறித்த நேரத்தை எட்டினாலும் மணி ஒலிக்கும். சில்லு விழித்து, வேலையை முடித்து, மீண்டும் உறங்கும்.

இதன் பலனைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். 2032 என்னும் நாணய பாட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. விழித்திருக்கையில் 0.3 மில்லி ஆம்பியர் எடுக்கும் சில்லு ஓயாமல் விழித்திருந்தால் பாட்டரி ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். உறக்கத்தில் அது எடுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. நூறில் ஒரு பங்கு நேரம் விழித்து, எஞ்சிய நேரம் உறங்கினால் அதே பாட்டரி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வரும்!

நம் பொறியியல் கல்லூரிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுவது இண்டெல் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட 8051. அதற்கு ஐந்து குறுக்கீட்டு மூலங்கள் உண்டு. பின்னர் வந்த 80சி51 வகைக்கு ஆழ்ந்த உறக்கமும் தரப்பட்டது. ஆனால் அதில் ஆழ்ந்துவிட்டால் ரீசெட் செய்துதான் எழுப்ப முடியும். எழுந்ததும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் எம்.எஸ்.பி.430 இக்குறையைத் தீர்த்தது. குறுக்கீடு வந்த கணத்தில், தான் எந்த இடத்தில், எந்த உறக்க நிலையில் இருந்தது என்பதை நினைவகத்தில் பதித்துவிட்டு, சில மைக்ரோ விநாடிகளில் விழிக்கும். பணி முடிந்ததும் பதித்ததைத் திரும்ப எடுக்கும். தானாகவே பழைய உறக்கத்துக்குத் திரும்பிவிடும். என்னே நேர்த்தி!

குறுக்கீட்டின் அருமையை மின்வெட்டின்போதும் காணலாம். மின்னணு மீட்டருக்குள் மின்னழுத்தம் சரியத் தொடங்கியதுமே சில்லுக்கு மணி ஒலிக்கும். மின்சாரம் முற்றிலும் அறுமுன் கிடைக்கும் சில மில்லி விநாடிகளில், அதுவரை ஓடிய யூனிட் கணக்கை அழியாத நினைவகத்தில் எழுதிவிட வேண்டும். எழுதத் தவறினால் நீங்கள் செலுத்தும் கட்டணமே தவறாகிவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய ‘சக்தி’ சில்லு வரிசையையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2018-இல் அவ்வரிசையில் ஒன்று சண்டிகரை அடுத்த மொஹாலியிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. 2020-இல் ‘மௌஷிக்’ வந்தது. இவை பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பில் ‘குறுக்கீடு வரும்வரை காத்திரு’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது.

உங்கள் வீட்டில் மின்னணுவியல் பயிலும் மகனோ மகளோ இருந்தால், அவர்கள் செய்த கருவியின் பாட்டரி சில நாட்களிலேயே தீர்வதாகக் குறைப்படக்கூடும். சில்லைப் பழிக்குமுன் மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எதனுடனும் இணைக்காமல் அந்தரத்தில் விடப்பட்ட உள்ளீட்டுக் கால் வீணே மின்சாரத்தை உறிஞ்சும். ஒருமுறை அழுத்திய பொத்தானின் உலோகத் தொடுமுனை சில மில்லி விநாடிகள் துள்ளி, பலமுறை மணி அடிக்கும். மூன்றாவது, பயிற்சிப் பலகையில் எந்நேரமும் எரியும் சிவப்பு விளக்கு. உறங்கும் சில்லைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் அந்த விளக்கே குடித்துவிடும்!