ஊசி போடாத சிஸ்டர்

குயிலாப்பாளையத்தில் சளி, காய்ச்சல் என்றால் ஆரோவில் சுகாதார மையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு என்றால் ஜிப்மருக்கோ காலாப்பட்டு பிம்ஸுக்கோ வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்த ஆள் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ வரும்போது மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், சில சமயம் முதுகடியில் படுக்கைப்புண்ணும் சேர்ந்து வருகின்றன. நாலாம் நாள் குளிர்காய்ச்சல். போனது வாதத்துக்கு, இப்போது படுத்திருப்பது சிறுநீர்த் தொற்றில்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை, பொதுவாக அங்கேயே பிடித்த தொற்று என்று கணக்கில் வைப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஏதாவது ஒரு தொற்று வருகிறது. சரியான நடைமுறை இருந்தால் இதில் 70 சதவீதம் வரை தடுத்துவிடலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த 70 சதவீதத்துக்காகவே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். வார்டில் 'ஐசிஎன் சிஸ்டர்'.

இவர் பொதுவாக ஊசி போடுவதில்லை, மாத்திரை கொடுப்பதில்லை, தனக்கென்று நோயாளியும் கிடையாது. கையில் ஒரு ஃபைலோடு வார்டு வார்டாக நடந்து, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். 'வேலையே இல்லாத வேலை' என்று புதிதாகச் சேரும் நர்ஸுகள் நினைப்பது சகஜம்.

பதவி அப்படியொன்றும் பழையதில்லை. 1950-களில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி அறுவைப் புண்களிலும் பிறந்த குழந்தைகளிடமும் பரவியது. எக்ஸிடர் நகரின் பொதுச் சுகாதார ஆய்வகத்தை நடத்திய டாக்டர் பிரெண்டன் மூரின் யோசனைப்படி, 1959-இல் டார்பே ஆஸ்பத்திரியில் கோட்ரெல் என்ற செவிலியருக்கு இதையே முழுநேர வேலையாகக் கொடுத்தார்கள். இதனால் என்ன லாபம் என்ற கேள்விக்குக் கால் நூற்றாண்டு கழித்துப் பதில் வந்தது. 1985-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று, 250 படுக்கைக்கு ஒரு ஐசிஎன், பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர், தொடர்ந்த கணக்கெடுப்பு, அந்தக் கணக்கை அறுவை மருத்துவர்களிடமே காட்டும் ஏற்பாடு ஆகியவை இருந்த ஆஸ்பத்திரிகளில் தொற்று 32 சதவீதம் குறைந்ததையும், எதுவுமே செய்யாத ஆஸ்பத்திரிகளில் 18 சதவீதம் கூடியதையும் காட்டியது.

பலன் தந்த அந்தப் பட்டியலில் புது மருந்தோ புது மெஷினோ இல்லை. எண்ணிக் குறித்து, எண்ணியதை உரியவரிடம் சொன்னார்கள். ஐசிஎன் வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் இந்த மாதம் ஐந்து பேருக்குச் சிறுநீர்த் தொற்று, ஒரு சின்ன முதியோர் இல்லத்தில் ஒருவருக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். இல்லம் தேவலை என்றுதானே தோன்றும்? ஐசிஎன் அப்படிப் பார்ப்பதில்லை. தினமும் காலையில் எத்தனை பேருக்குக் குழாய் இருக்கிறது என்று குறித்து, மாதக் கடைசியில் கூட்டுவார். அதற்குக் குழாய் நாள் என்று பெயர். ஆஸ்பத்திரியில் 1500 குழாய் நாள். இல்லத்தில் நாலு பேருக்கு முப்பது நாள், ஆக 120. ஆயிரம் குழாய் நாளுக்கு என்று மாற்றினால் ஆஸ்பத்திரியில் 3.3, இல்லத்தில் 8.3. சின்ன இடத்தில் ஒரு மாதக் கணக்கு எப்படியும் ஏறி இறங்கும் என்பதால், ஆறேழு மாதமாவது தொடர்ந்து பார்த்தால்தான் உண்மை பிடிபடும்.

குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். அதனால் ஐசிஎன் முதலில் கேட்பது, 'இவருக்கு இன்னும் டியூப் எதற்கு?' பல நேரம் யாருக்கும் பதில் தெரியாது. போட்டவர் டூட்டி மாறிப் போயிருப்பார், எடுக்கச் சொல்ல ஆள் இருக்காது. பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் படாமல் இருக்கிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். இன்னொன்றும் உண்டு. மாதக்கணக்கில் குழாயோடு இருப்பவரின் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினால் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமல் அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதுவது, பெரும்பாலும் அடுத்த முறை மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்ப்பதில் முடியும்.

அந்தக் கிருமி எங்கோ தூரதேசத்தில் இருப்பதும் அல்ல. 2010 ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக எழுதிய கட்டுரை, மிக வலுவான ஆன்டிபயாடிக்குகளையும் முறிக்கும் என்டிஎம்-1 நொதியைச் சுமந்த கிருமிகளைச் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் காட்டியது. டெல்லியின் பெயரை நொதிக்கு வைத்ததற்கு எழுந்த கூச்சலில், நம் வார்டுகளைப் பற்றி அது சொன்னது அமுங்கிப்போனது.

கைக்கு வருவோம். நோயாளியைத் தொடுமுன், சுத்தமான செய்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின் என ஐந்து தருணங்களில் கை சுத்தம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஐசிஎன் மூலையில் நிற்கும்போது ஒழுங்காகச் செய்யவும் செய்வார்கள். அவர் நகர்ந்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் சிக்கல். அதனால் கெட்டிக்கார ஐசிஎன்கள் எத்தனை பேர் கை கழுவினார்கள் என்பதோடு, வார்டில் மாதத்துக்கு எத்தனை பாட்டில் ஹேண்ட் ரப் தீர்ந்தது என்றும் பார்ப்பார்கள். பாட்டிலுக்கு யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது.

கஷ்டமான பகுதி படிநிலை. ஆயாம்மாவிடம் 'கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவைத் தொடுங்கம்மா' என்று சொல்வது சுலபம். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம், 'சார், அந்தப் பேஷன்ட்டைத் தொட்டீங்க, ஹேண்ட் ரப் இங்க இருக்கு' என்று சொல்ல நிர்வாகம் பின்னால் நிற்க வேண்டும். அது நிற்காத இடத்தில் ஐசிஎன் வெறும் ஃபைல் தூக்கிதான். ஊழியருக்கு ஊசி குத்திவிட்டால் ஓடிவர வேண்டிய இடமும் இவரே: தொற்றுள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும், எச்ஐவிக்குச் சுமார் 0.3 சதவீதம், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்து ஒளிக்கும் ஊழியரைப் பேசவைப்பது தனித் திறமை.

தடுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது, தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே பரவியது. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி அந்த மே மாதத்தில் இறந்தார். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிர்க்லாந்து நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கொரோனா நுழைந்தது. மார்ச் 18-க்குள் அங்கு வசித்தவர்கள் 101 பேர், ஊழியர்கள் 50 பேர், பார்க்க வந்தவர்கள் 16 பேருக்குத் தொற்று. உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்த ஊழியர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தவர்கள் என்று விசாரித்தவர்கள் காரணங்களைப் பட்டியலிட்டார்கள். அங்கே இத்தகைய இல்லங்கள் பகுதிநேரமாகவாவது ஒரு தொற்றுத் தடுப்பாளரை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2019 நவம்பரிலேயே அமலுக்கு வந்திருந்தது. விதி மட்டும் போதவில்லை.

நம் நாட்டிலும் மத்திய சுகாதாரத் துறை 2020 ஜனவரியில் தேசிய வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் குழு, பதவி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பத்துப் பதினைந்து படுக்கை உள்ள இல்லத்துக்கு முழுநேர ஐசிஎன் கட்டுப்படியாகாது. அங்கே ஒரு நர்ஸ் வாரத்தில் சில மணி நேரம் இந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. ஆனால் அந்த நேரத்தில் வேறு வேலை தரக்கூடாது.

இந்தக் கடற்கரையில் அவர் பார்க்க வேண்டியவை கொஞ்சம் வேறு. பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து போட்டால் ஈரக் காற்றிலும் வெயிலிலும் குளோரின் பறந்துவிடும். பிறகு சிந்திய ரத்தத்தின் மேல் ஊற்றுவது வெறும் சுண்ணாம்புத் தண்ணீர். மழைக்கு முன் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடும் மரக்காணத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குளோரின் 30 சதவீதத்துக்குக் குறையாத பவுடரில் லிட்டருக்கு 30 கிராம் கலந்தால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல், தினமும் புதிதாக. கழிப்பறை ஆசிடோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். உப்பளத்தில் வெறுங்காலோடு நின்று வெடித்த பாதம், அதோடு சர்க்கரை நோயும் இருந்தால் ஆறாத புண் என்று வருபவர்கள் உண்டு. ஒரே டிராலியில் எல்லோருக்கும் டிரெஸ்ஸிங் செய்யும் இடத்தில் சுத்தமான புண் முதலில், சீழ்ப்புண் கடைசியில் என்ற வரிசை முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற நாள்களுக்கும் முன்யோசனை வேண்டும்: கரண்ட் இல்லாமல் ஆட்டோகிளேவ் ஓடாது, வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கை கழுவ முடியாது.

அப்பாவையோ அம்மாவையோ ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் அறை வாடகையோடு மூன்று கேள்விகளையும் கேட்கலாம். போன மாதம் எத்தனை பேருக்குக் குழாய் இருந்தது? எத்தனை பேருக்குப் புதிதாகப் படுக்கைப்புண் வந்தது? காய்ச்சலோடு வரும் ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவு உண்டா? முதல் இரண்டுக்கு ஒரு நோட்டைப் புரட்டிப் பதில் சொல்கிறார்களா, யோசித்துச் சொல்கிறார்களா என்று பாருங்கள். மூன்றாவதற்கு, மேனேஜரைத் தனியே கேட்ட பிறகு ஆயாம்மாவையும் தனியே கேளுங்கள்.