கைமரம் விறகன்று

பழைய வீட்டைப் பிரிக்கத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பவர் விறகுக்கடைக்காரர். நாயுடுபேட்டையில் எங்கள் பாட்டனார் வீட்டு ஓட்டுக்கூரையை இறக்கியபோதும் அவரே வந்தார். கைமரம் அனைத்துக்கும் ஒரே விலை பேசினார். ஆசாரி ஒரு மரத்தில் இழைப்புளியை இரண்டு தள்ளுத் தள்ளிக் காட்டியிராவிட்டால் கொடுத்தே இருப்போம். புகை படிந்த மேல்தோலுக்கு அடியில் பொன்னிறத் தேக்கு!

காரைக்குடி நண்பர்களுக்கு இது வியப்பாயிராது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கொணர்ந்த தேக்கு, செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் நிலையாகவும் நின்றது. வீடுகள் பிரிக்கப்பட்டபோது அவை பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவிலோ, பிரித்துக் கொணர்ந்த பழைய வீடுகளே மீண்டும் எழுந்து நிற்கின்றன.

நம்மால் அவ்வளவு ஆகாது. ஆனால் நிலையைச் சுற்றிய சட்டம், சுவரடிப் பட்டை, சன்னல் விளிம்பு ஆகியவை பாரம் தாங்குவன அல்ல. ஆதலின் பாதி உளுத்த மரத்திலும் நல்ல பகுதியை அறுத்தெடுத்து இவற்றுக்கு ஆக்கலாம். வைரத்தைக் கரையான் எளிதில் அணுகாது. ஓரத்து வெள்ளைக்கு அக்காப்பு இல்லை, அதைக் கழித்துவிட வேண்டும்.

பழைய மரம் சுருங்காது என்பார்கள். நாங்களும் நம்பினோம். முற்றத்தில் மழையில் கிடந்த மரத்தை அப்படியே அறுத்து அடித்தோம். மூன்று மாதத்தில் மூலைகளில் நகம் நுழையும் இடைவெளி! மரம் நீளவாட்டில் அநேகமாய்ச் சுருங்குவதில்லை, அகலத்தில்தான் சுருங்கும். அதனால் சாய்த்து வெட்டிப் பொருத்திய மூலை வாய் பிளக்கிறது. எத்தனை பழைய மரமாயினும் நனைந்தால் ஈரம் குடிக்கும். பொருத்தப்போகும் அறையிலேயே, இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கிச் சில வாரம் காயவிட வேண்டும்.

அறுக்குமுன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி, வாளின் பல்லைத் தின்றுவிடும். பழைய வர்ணம் பூசிய மரமாயின் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்ற விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சின் தூசியில் ஈயம் இருக்கக்கூடும்.

எங்கள் பக்கத்தார்க்கு இன்னும் ஒன்று: செம்மரம். பழைய துண்டே ஆயினும் வனத்துறையைக் கேட்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

மூலைகளை மறுபடி இழைத்துச் சேர்த்தோம். விறகுக்கடைக்காரர் உளுத்த துண்டுகளோடு திரும்பினார். அதற்கும் பேரம் பேசத் தவறவில்லை.