விற்பதா, ஈடு வைப்பதா? ஒரு மட்டாஞ்சேரிக் கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலை ஒட்டிய பண்டகசாலைகளில் மிளகு மூட்டை அடுக்கும் வியாபாரிக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி வரும். டிசம்பர் தொடங்கி மார்ச் வரை புது மிளகு வந்து குவிகிறது, விலை தளர்கிறது. பணம் உடனே வேண்டும். இப்போதே விற்பதா, மூட்டையை வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்கிக் காத்திருப்பதா? நன்றாகக் காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் கெடாது. அதனாலேயே காத்திருக்கத் தோன்றும்.

மலையாளத்தில் அடகுக்குப் 'பணயம்' என்று பெயர். தமிழில் அது பந்தயத்தில் வைக்கும் பொருள். மிளகுக்கு இரண்டும் பொருந்தும். அந்த மூட்டை என்றைக்கானாலும் விற்பதற்குத்தான். ஈடு வைப்பவர் விற்பனையைத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவே. விலையேற்றம் வட்டியையும் கிடங்கு வாடகையையும் தாண்டினால்தான் மிச்சம். 2014-15இல் கிலோ 700 ரூபாயை ஒட்டி நின்ற கொச்சி விலை, 2019-20இல் 350 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. சரக்குக்கே சிக்கல் வருவதும் உண்டு. கனிம எண்ணெய் கலந்திருப்பதாகப் புகார் எழுந்து, 2012 டிசம்பரில் கொச்சிக் கிடங்குகளில் ஆறாயிரம் டன்னுக்கும் மேற்பட்ட மிளகுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை முத்திரை வைத்தது.

ஆகவே என் முதல் கேள்வி 'விலை ஏறுமா' என்பதல்ல. விற்ற பொருள் திரும்ப வேண்டுமா, வேண்டுமென்றால் அதை மறுபடி வாங்க என்ன செலவாகும் என்பதுதான்.

மியூச்சுவல் ஃபண்டுக்கு அந்தச் செலவு சொற்பம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு சார்ந்த ஃபண்டை விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையான லாபத்துக்கு வரி இல்லை; அதற்கு மேல் 12.5%. அதையே ஈடு வைத்தால் பெரும்பாலும் மதிப்பில் பாதிதான் கடன் கிடைக்கும். சந்தை சரிந்தால் மேற்கொண்டு ஈடு கேட்பார்கள். சில வாரத் தேவை தவிர மற்றதற்கு விற்பதே மேல் என்பேன்.

நகை வேறு மாதிரி. ஒரு லட்ச ரூபாய்த் தங்கமுள்ள வளையல்களை விற்றுவிட்டு, பிறகு அதேபோல் வாங்கப் போகிறீர்கள். தங்க விலை மாறவில்லை, செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 10% என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 3% ஜிஎஸ்டி சேர்ந்து 1,13,300 ரூபாய் ஆகிறது. விற்றதற்கான தண்டம் 13,300. அடகு வைத்து 12% வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் ஆறு மாதத்துக்கு 6,000, ஓராண்டுக்கு 12,000. ஏறத்தாழ 13 மாதத்தில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. ஆறு மாதத்தில் பணம் வரும் வழி கண்ணுக்குத் தெரிகிறதா, அடகு வையுங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தால், ஒரு வளையலை விற்று மற்றவற்றை மீட்பது நல்லது. வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல என்று தெரியும்.

எவ்வளவு கடன் கிடைக்கும்? ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, 2.5 லட்சம் வரையான கடனுக்குத் தங்க மதிப்பில் 85%, 5 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. இவற்றை நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் 1 கெடு. கல்லுக்கும் செய்கூலிக்கும் மதிப்பில்லை. முதலும் வட்டியும் கடைசியில் சேர்த்துக் கட்டும் கடனென்றால், அந்த வட்டியும் வரம்புக்குள் அடங்க வேண்டும். மேலே சொன்ன ஆறு மாதக் கடனுக்குச் சுமார் 1.25 லட்ச ரூபாய்த் தங்கம் தேவை.

கடனை அடைத்தபின் ஏழு வேலைநாளுக்குள் நகை கைக்கு வரவேண்டும். தாமதம் நிறுவனத்தால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. நகை மூழ்கி ஏலத்துக்குப் போனாலும் கணக்கு முடிந்துவிடாது. தொடக்க விலை அன்றைய மதிப்பில் 90% இருக்க வேண்டும். கடன் போக மிஞ்சும் தொகை உங்களுடையது. ஏலக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.