துறைமுகத் தொழிலும் விபத்து இடாப்பும்

1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 8ஆம் நாள் திருக்கோணமலைத் துறைமுகத்தில் ஒரு பெருவிபத்து நிகழ்ந்தது. கப்பல்களை நீருக்கு மேலே தூக்கிப் பழுதுபார்ப்பதற்கென அங்கு நிறுத்தப்பட்டிருந்த மிதப்புத்துறை, 'வாலியன்ற்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த வேளையில் உடைந்து அமிழ்ந்தது. கப்பலின் பின்புறத்துச் சுக்கானும் சுழலிகளும் சேதமுற்றன. மிதப்புத்துறையின் நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கிய முறை, கப்பலின் பாரத்துக்கும் அப்பாரம் பரந்திருந்த வகைக்கும் பொருந்தாமையே இதற்குக் காரணமெனப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்நிகழ்ச்சியின் நாளையும் காரணத்தையும் விளைவையும் நாம் கூறக்கூடியதாயிருப்பது ஏன்? அன்றே அவை எழுதிவைக்கப்பட்டமையாலாம். ஆயின், அதே துறைமுகத்திற் சங்கிலிக்கும் கொளுவிக்கும் இடையில் நசுங்கிய ஒரு தொழிலாளியின் விரலுக்கு அத்தகைய வரலாறு வாய்ப்பதில்லை. இடாப்பில் எழுதப்படும் ஒரு வரியே அதற்கு வரலாறு. அவ்வரியை எழுதவேண்டியவர் யார், எப்போது எழுதவேண்டும், எழுதாதொழியின் நேர்வது யாது என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

இலங்கையில் இவ்விடயத்தை இரு கட்டளைச்சட்டங்கள் ஆளுகின்றன. ஒன்று, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். மற்றையது, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம். போர்க்காலத்தில் இயற்றப்பட்ட இப்பிந்திய சட்டம் 1950ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியே நடைமுறைக்கு வந்தது. முன்னையது காயமுற்றவனுக்குப் பணம் கொடுக்கவேண்டியவர் யார் என்பதைச் சொல்லுகின்றது. பின்னையது காயத்தை அறிவிக்கவும் எழுதவும் வேண்டியவர் யார் என்பதைச் சொல்லுகின்றது. நட்டஈட்டுச் சட்டம் ஒன்றிருந்தாற் போதுமென்று பலர் எண்ணுவதுண்டு. எழுதப்படாத விபத்துக்கு நட்டஈடு கேட்டுச் செல்பவன் படும் அல்லலை அவர்கள் அறியார்.

தொழிற்சாலையில் ஒருவர் விபத்தினால் இறந்தாலும், மூன்று நாட்களுக்கு மேலாகத் தாம் செய்துவந்த வேலையிலே முழுக்கூலி பெற இயலாதவாறு ஆற்றலிழந்தாலும், அவ்விபத்தை விதிக்கப்பட்ட படிவத்தில் உடனே மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவித்தல் வேண்டும். இவ்விதிக்கு மூதாதை 1844ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டமாகும். காயமுற்றவர் மறுநாட் காலை ஒன்பது மணிக்குள் வேலைக்குத் திரும்பமுடியாதாயின் அவ்விபத்தை அறிவிக்கவேண்டுமென அச்சட்டம் பணித்தது. ஒரு மணிக்கூட்டை அளவுகோலாகக் கொண்ட அவ்விதி, இன்றைய மூன்று நாள் விதியிலும் கண்டிப்பானது.

இங்கே 'தாம் செய்துவந்த வேலையிலே' என்னும் தொடரை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மூடை சுமப்பவன் ஒருவனின் கால்விரல் நசுங்குகின்றது. மறுநாள் அவனை வீட்டுக்கு அனுப்பாமல், வாயிலருகே அமர்த்திச் சீட்டுக்களைச் சரிபார்க்க விடுகின்றனர். கூலி குறையவில்லை, வரவு இடாப்பிலும் அவன் பெயருக்கு நேரே வெற்றிடம் இல்லை. ஆகவே அறிவிக்கவேண்டிய விபத்தே நிகழவில்லை என்பது மேற்பார்வையாளர் கருத்தாகலாம். அக்கருத்துத் தவறு. அவன் செய்துவந்த வேலை மூடை சுமத்தல்; அவ்வேலையில் மூன்று நாட்களுக்கு மேல் அவனால் உழைக்க இயலவில்லையெனின் விபத்து அறிவிக்கப்படவேண்டியதே. வரவு இடாப்பு நிறைந்திருப்பது கால் குணமாயிற்று என்பதற்குச் சான்றாகாது.

இத்தகைய மறைப்புக்குத் தீய உள்ளம் ஒன்றே காரணமென்று கொள்வதும் பொருந்தாது. விபத்துக் குறைந்த ஆலைக்குப் பாராட்டும் கேடயமும் கிடைக்கும் இக்காலத்தில், உண்மையை எழுதுபவரின் இடாப்புத் தடித்தும் மறைப்பவரின் இடாப்பு மெலிந்தும் தோன்றுகின்றன. மெலிந்த இடாப்பைக் கண்டு மகிழ்பவர், பிள்ளைகளின் புள்ளிகளைத் தாமே கூட்டி எழுதிவிட்டு வகுப்பின் தேர்ச்சியை வியக்கும் ஆசிரியரை ஒப்பர்.

துறைமுகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிற்சாலைச் சட்டத்தின் பல விதிகள் கப்பற்றுறைகளுக்கும், இறங்குதுறைகளுக்கும், அவற்றைச் சார்ந்த பண்டசாலைகளுக்கும் உரியனவாக்கப்பட்டுள்ளன. ஆயின் அங்கே உழைப்போர் பலர் ஒப்பந்தகாரரின் ஆட்கள். இடம் ஒருவருடையது, ஆள் வேறொருவருடையவன். விபத்து நேர்ந்தால், அவனை வேலைக்கு அமர்த்தியவர் இடத்துக்குப் பொறுப்பானவருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். பொறுப்பானவர் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவித்தல் வேண்டும். இருவருள் ஒருவர் மற்றவர் எழுதுவார் என்றிருந்துவிட்டால் எவருமே எழுதார். நாட்கூலிக்கு வந்தவன் மறுநாள் வாராவிடின், அவன் காயத்தினால் வரவில்லையா, வேறு வேலை தேடிப் போனானா என்று உசாவுவாரும் இலர்.

சட்டம் வேண்டுகின்ற பொதுப் பதிவேட்டில், சுவர்களுக்கு வெள்ளையடித்த விபரமும், அறிவிக்கவேண்டிய விபத்துக்களினதும் தொழில்நோய்களினதும் விபரமும் ஒருங்கே இடம்பெறுகின்றன. சுண்ணாம்பும் குருதியும் ஒரே ஏட்டில் அமைவது விந்தையே. ஆயினும் இரண்டுக்கும் நுணுக்கம் வேண்டும். 'கையிற் காயம்' என்றெழுதுவது எழுதாமைக்குச் சமம். எக்கை, எவ்விரல், எந்த மூட்டு, எத்தனை மணிக்கு, எந்த இயந்திரத்தின் எப்பகுதியில், அருகிலிருந்தோர் யாவர் என்பன வேண்டும். ஏனெனின், எவ்வுறுப்பின் இழப்பு உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு எத்தனை பங்கின் இழப்பாகும் என்பதை நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை தனித்தனியே வகுத்திருக்கின்றது. கட்டைவிரலும் சிறுவிரலும் அவ்வட்டவணையில் ஒன்றல்ல. அன்றியும், தொழிலாளி உரிய வேளையில் முறைப்படி அறிவித்தல் கொடுக்கத் தவறினும், தொழில்தருநர் விபத்தை வேறு வழியால் அறிந்திருந்தார் என்று காட்டினால் அவன் கோரிக்கை அக்குறையினால் வீழ்ந்துபடாது. தொழில்தருநர் அறிந்திருந்தார் என்பதற்கு அவரது சொந்த இடாப்பிலும் சிறந்த சாட்சி வேறு யாது? எழுத்தறியாத தொழிலாளிக்காகப் பேசும் எழுத்து அதுவே.

எவருக்குங் காயம் நேராத ஆபத்துக்களையும் அறிவிக்கச் செய்யும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. பாரந்தூக்கி சரிதல், கொதிகலன் வெடித்தல் போன்றன இவ்வகையின. இன்று எவரும் நில்லாத இடத்தில் விழுந்த பாரம், நாளை ஒருவர் நிற்கும்போதும் விழலாம். மிதப்புத்துறையின் நீர்த்தொட்டிகளை எம்முறையில் வெறுமையாக்கலாகாது என்பதை 1944இன் அழிவு கற்பித்தது. அப்பாடத்துக்கு ஒரு போர்க்கப்பல் விலையாயிற்று.

காயத்தைவிட நோயே இடாப்புக்கு எட்டாமல் நழுவுவது. தொழிலினால் வந்த நோயென மருத்துவர் கருதினால் அறிவிக்கவேண்டியனவாகத் தொழிற்சாலைச் சட்டத்தின் வாசகம் பெயர் குறிப்பன ஐந்து: ஈயம், பொசுபரசு, ஆசனிக்கு, இரசம் என்பவற்றால் விளையும் நஞ்சேற்றமும், அந்திராட்சு என்னும் நோயும். இப்பட்டியல் பிரித்தானியாவில் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான்காகத் தொடங்கி, 1899இல் இரசமுஞ் சேர்ந்து ஐந்தாயிற்று. தீப்பெட்டி செய்வோரின் தாடையெலும்பைப் பொசுபரசு அரித்ததும், பிராட்போட்டில் கம்பளிமயிரைத் தரம்பிரித்தோர் அந்திராட்சினால் மடிந்ததும் அப்பட்டியலைப் பிறப்பித்த துயரங்கள். திருக்கோணமலையிற் கம்பளி ஆலை ஏது? சீனக்குடாவில் 1980ஆம் ஆண்டளவில் எழுந்த பெரிய மாவாலையும், அப்பதிற்றாண்டிலேயே எழுந்த சீமெந்து ஆலையும் வேறு வகைத் தூசுகளை இம்மாவட்டத்துக்கு அறிமுகப்படுத்தின. கோதுமை மாத்தூள் சிலருக்கு ஈளையை உண்டாக்கும். ஈரச் சீமெந்து தோலை அழற்றும். ஈரிடத்தும் இயந்திர ஓசை செவியை மெல்ல மெல்ல மழுக்கும். இவற்றுள் எதுவும் ஒரு நாளில், ஒரு மணியில், ஒரு சாட்சியின் முன்னிலையில் நிகழ்வதன்று. ஐந்தின் பட்டியலை ஒழுங்குவிதிகளால் விரிக்கலாம். நட்டஈட்டுச் சட்டத்துக்கும் தனியான தொழில்நோய் அட்டவணை உண்டு. ஆயினும் நோயையும் தொழிலையும் இணைக்கும் ஏடு இல்லாதவிடத்துப் பட்டியல் மட்டும் யாது செய்யும்?

கல்நார் இதற்குத் தக்க சான்று. கப்பல்களின் நீராவிக் குழாய்களுக்குக் கவசமாக நெடுங்காலம் சுற்றப்பட்டது அது. இங்கிலாந்தின் டெவன்போட் கப்பற்றுறைத் தொழிலாளரிடத்து அதன் கேடுகளை ஆராய்ந்து மருத்துவர் 1968இல் வெளியிட்டனர். கல்நார்த்தூசை உட்கொண்டதற்கும் புற்றுநோய் தோன்றுவதற்கும் இடையில் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிவதுண்டு. திருக்கோணமலைக் கடற்படைத்தளமோ 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் நாள் பிரித்தானியரால் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தொழில்தருநர் கடல் கடந்து போன பின்னரும் நோய் தொழிலாளியின் நெஞ்சில் தங்கியிருக்கலாம். ஆகவே நோயைப் பொறுத்தவரை, நோய் கண்ட நாளை எழுதுவது மட்டும் போதாது. யார், எந்தப் பொருளோடு, எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை அவர் நலமாயிருக்கும்போதே எழுதவேண்டும். நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாதென்றும் வினவுமாறு இத்தாலிய மருத்துவர் இராமசினி 1700ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் வைத்தியரை வேண்டினார். மருத்துவமனைத் துண்டில் 'கூலி' என்னும் ஒற்றைச் சொல் அவ்வினாவுக்கு விடையாகாது.

2022ஆம் ஆண்டில் நட்டஈட்டுச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களும் அதனுட் சேர்க்கப்பட்டன. கிண்ணியாவிலிருந்து பாலத்தைக் கடந்து மிதிவண்டியில் சீனக்குடாவுக்கு வருபவனுக்கு இது பெரும் பேறு. ஆனால் வீதியில் விழுந்தவனைக் கண்டவர் வழிப்போக்கர். அவனை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவர் முன்பின் அறியாத முச்சக்கரவண்டிக்காரர். ஆலை வாயிலில் அன்று அவன் பெயருக்கு நேரே எழுதப்படுவது 'வரவில்லை' என்பது மட்டுமே. அவன் எந்த முறைக்கு வந்துகொண்டிருந்தான், எவ்வழியாக வந்தான், எத்தனை மணிக்கு விழுந்தான் என்பவற்றை, அவன் குணமடைந்து தானே வந்து சொல்லும்வரை காத்திராமல், அன்றைக்கே ஒருவர் கேட்டு எழுதுதல் வேண்டும்.