மும்பையின் தண்ணீர் – 17: விசையைத் தட்டினால் ஓடும் ஆறு

தான்சா ஏரியின் கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. அதைத் தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் சொல்லியிருந்தபடி கோலாட்.

மழைக்காலம் வந்துவிட்டால் சனி, ஞாயிறு விடியலுக்கு முன்பே செம்பூரிலிருந்தும் சயானிலிருந்தும் வண்டிகள் பன்வேல் பக்கம் கிளம்பிவிடுகின்றன. வட்கல், நாகோட்டணே தாண்டி, கோவா நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் போனால் கோலாட். அங்கே குண்டலிகா ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் மாட்டி, கையில் துடுப்பைக் கொடுத்து, பின்னால் வழிகாட்டி உட்கார்ந்து கட்டளை போட, பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் நீரில் ஒன்றரை மணி நேரம். மதியச் சாப்பாடு முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். மாட்டுங்கா அடுக்ககக் குடும்பமும் தாராவி இளைஞர் கூட்டமும் ஒரே நாளில் போய்வரக்கூடிய சுற்றுலா. மலையும் மழையும் தந்த கொடை என்றே இதை எல்லோரும் நினைக்கிறோம். என் வாதம் வேறு. நாம் படகு விடும் அந்த வெள்ளம் இயற்கை வெள்ளம் இல்லை, மும்பைக்கு மின்சாரம் எடுத்த மிச்சம். அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் படகில் ஏறக்கூடாது என்றே சொல்வேன்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புணே மாவட்டத்தில் சஹ்யாத்ரி உச்சியை ஒட்டிப் பிறக்கும் முளா ஆறு கிழக்கு நோக்கி ஓடுவது. தானாக விட்டால் பீமாவில் கலந்து, கிருஷ்ணாவாகி, வங்காள விரிகுடாவில் போய்ச் சேரும். முள்ஷியில் டாட்டா நிறுவனம் அணை கட்டி அந்த நீரைத் தேக்கியது. மலையைக் குடைந்து, குழாய் வழியே மேற்குச் சரிவில் சுமார் 500 மீட்டர் கீழே இறக்கி, பீராவில் டர்பைன்களைச் சுழலவிட்டது. பீரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1927இல். கோபோலி (1915), பிவ்புரி (1922) இரண்டுக்கும் அடுத்த தம்பி. மின்சாரம் பம்பாய்க்குப் போனது, தண்ணீர் குண்டலிகாவில் விழுந்து அரபிக்கடலுக்குப் போனது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க முல்லைப் பெரியாறு ஒன்றே போதும். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் பென்னிகுயிக் கிழக்கே திருப்பி வைகைக்குக் கொடுத்தார். இங்கே கிழக்கே ஓடிய ஆற்றை மேற்கே திருப்பினார்கள். அங்கே வயலுக்காக, இங்கே பம்பாயின் பருத்தி மில்லுக்காக.

பீராவிலிருந்து வெளியேறும் நீர் நேராக ஆற்றுக்கு வருவதில்லை. ராவள்ஜே அருகே ஒரு சிறு அணையில் தேங்கி, அங்கே மாநில அரசின் இன்னொரு மின் நிலையத்தையும் சுழற்றிவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. திறப்பு பெரும்பாலும் காலை நேரத்தில். அதனால்தான் கோலாட்டில் படகுக்காரர்கள் காலையிலேயே வந்துவிடச் சொல்கிறார்கள். திறந்த நீர் கடந்துபோனதும் ஆறு இறங்கிவிடும். காலையில் படகு தாவிய இடத்தில் மதியம் உருண்டைக் கற்கள் ஈரம் காய்ந்து கிடக்கும். இதே காரணத்தால்தான் மழையில்லாத மாதங்களிலும் அங்கே படகு ஓடுகிறது. சஹ்யாத்ரியின் மேற்குச் சரிவு ஓடைகளில் பெரும்பாலானவை கோடையில் வறண்டு கிடக்கும்போது குண்டலிகாவில் மட்டும் நுரை பொங்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு விடை, நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மின்விசைப் பலகைதான்.

இப்படி எழுதினால் ஒரு மறுப்பு வரும். அப்படியானால் இது செயற்கை ஆறுதானே, இதில் என்ன சாகசம் என்று. நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. எவ்வளவு நீர், எப்போது வரும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கும் ஆறு, யாருக்கும் தெரியாத ஓடையைவிடப் பாதுகாப்பானது. 2024 ஜூன் 30இல் லோணாவ்ளாவில் புஷி அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் ஒரே குடும்பத்தின் ஐந்து பேரை அடித்துக்கொண்டு போனது, மலைமேல் பெய்த மழை சில நிமிடங்களில் இறக்கிய வெள்ளம். அதை அளக்க அங்கே யாருமில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓடலாமா கூடாதா என்பதைத் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பிலிகுண்டுலுவில் அளக்கும் கனஅடிக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்கிறது. அந்தக் கணக்கும் கர்நாடக அணைகளின் திறப்பைப் பொறுத்தது. சீனாவில் குவாங்சோ நகரத்துக்கு வடக்கே கிங்யுவான் மலைகளுக்கு வார இறுதிக் கூட்டம் படகு விடப் போகிறது. அங்கேயும் மேலே நீர்த்தேக்கம் வைத்து நேரம் பார்த்துத் திறந்துவிடும் ஓடைகள் உண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் காலி ஆறு இன்னும் ஒரு படி மேலே. சம்மர்ஸ்வில் அணையிலிருந்து ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் படகுக்கென்றே நீர் திறக்க வேண்டும் என்று 1986இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமே போட்டது. வெள்ளம் தடுக்கக் கட்டிய அணைக்குப் படகு விளையாட்டும் ஒரு பணி என்று சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

ஆனால் இந்த வாரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது படகுச் சவாரி அல்ல, ஒரு தெரு. மாட்டுங்கா ரோடு நிலையத்தை ஒட்டி, மாஹிமிலிருந்து லோயர் பரேல் வரை மேற்கு ரயில்பாதையோடு கூடவே ஓடும் சாலையை எத்தனை முறை கடந்திருப்போம்! பழைய பெயர் துளசி பைப் ரோடு. 1879இல் கட்டிய துளசி ஏரியின் குடிநீர்க் குழாய் அந்த வழியாக வந்ததால் அந்தப் பெயர். இன்றைய பெயர் சேனாபதி பாபட் மார்க். யார் இந்த பாபட்? முள்ஷி அணையை எதிர்த்தவர். 1921 ஏப்ரல் 16, ராமநவமியன்று முள்ஷிப் பள்ளத்தாக்கின் மாவள் விவசாயிகள் கட்டுமான இடத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். சுமார் ஐம்பது கிராமங்களின் நெல்வயல்கள் நீருக்குள் போகவிருந்தன. பாண்டுரங் மகாதேவ் பாபட் அந்த விவசாயிகளுக்குத் தலைமை ஏற்றதால்தான் ‘சேனாபதி’ ஆனார். நிலத்தைக் கையில் வைத்திருந்த புணேயின் சாவுகார்களில் (வட்டிக்காரர்களில்) பலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள், உழுதவர்கள் தனித்து நின்றார்கள். 1924இல் போராட்டம் அடங்கியது. கட்டுமான ரயிலைத் தடுத்த வழக்கில் பாபட்டுக்கு ஏழு ஆண்டுச் சிறை. ராஜேந்திர வோரா இதை ஆராய்ந்து எழுதிய நூலில் உலகின் முதல் அணை எதிர்ப்பு இயக்கம் என்றே குறிப்பிடுகிறார். டாட்டாவின் நீர்மின்சாரத்துக்கு முதன்மை வாடிக்கையாளர்கள் பம்பாயின் பருத்தி மில்கள். அந்த மில்கள் வரிசையாக நின்ற தெருக்களில் ஒன்று இதே துளசி பைப் ரோடு. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம், முகவரியில் பாபட்டின் பெயர். எந்த மின்சாரத்துக்காக ஊர்கள் முழுகினவோ அந்த மின்சாரம் ஓடிய தெருவுக்கு, முழுகக்கூடாது என்று சிறை போனவரின் பெயர். குழாய், ஆறு, மில், சிறை என இந்தத் தொடர் பேசிவரும் எல்லாமே நான்கைந்து கிலோமீட்டரில் அடங்கிவிடுகின்றன.

வேல்ஸ் நாட்டில் இதற்கொரு உடன்பிறப்பு உண்டு. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டி ட்ரவெரின் ஆற்றில் அணை கட்டி, 1965இல் கபெல் கெலின் என்ற கிராமத்தைப் பள்ளியோடும் தேவாலயத்தோடும் மூழ்கடித்தார்கள். அதே அணை திறக்கும் நீரில் இன்று கோடைப் படகுச் சவாரி நடக்கிறது. 2005இல் லிவர்பூல் நகராட்சி அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. முள்ஷிக்கு மும்பை அப்படி எதுவும் சொன்னதில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. வறட்சியில் வாடும் சோலாப்பூர்ப் பக்கத்துக்குப் போகவேண்டிய நீரை மேற்கே திருப்பி, அதில் பட்டணத்தார் விளையாடுவது நியாயமா? படகுச் சவாரி ஒரு சொட்டு நீரையும் குடிப்பதில்லை என்பது பதிலின் ஒரு பாதி. அதே நீர் கீழே தோல்வஹால் தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியே வயலுக்குப் போகிறது, ரோஹா பக்கத்து தாடாவ் தொழிற்பேட்டைக்கும் பயன்படுகிறது. மிஞ்சியது ரேவ்தண்டாவில் கடலில் கலக்கிறது. மறுபாதியை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். முள்ஷியும் லோணாவ்ளா பக்கத்து ஏரிகளும் சேர்ந்து மேற்கே அனுப்பும் நீருக்கு, நீதிபதி பச்சாவத் தலைமையிலான கிருஷ்ணா தீர்ப்பாயம் வைத்த கணக்கு ஆண்டுக்குச் சுமார் 42 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி. ஏறத்தாழ அரை மேட்டூர். பீமா கரை விவசாயிகள் அதைத் திரும்பக் கேட்பது ஆசையால் அல்ல, தாகத்தால். ஒருநாள் அந்த நீர் கிழக்கே திரும்பினால் குண்டலிகா மற்ற ஓடைகளைப் போல மழைக்கால ஆறாகிவிடும். அப்போது படகுக்காக வயலிடம் வழக்காடக்கூடாது. வயல்தான் முதலில்.

ஆனால் நீர் இந்தப் பக்கம் வரும்வரை, அதன் நேரத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை கரையில் இருக்கும் எல்லோருக்கும் உண்டு. எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் திறக்கப்படும் என்பது படகு நடத்துபவர்களின் வாய்ச்சொல்லாக நின்றுவிடாமல், துணி துவைக்க இறங்கும் பெண்ணுக்கும் மீன் பிடிக்க இறங்கும் சிறுவனுக்கும் மராத்தியில் எழுதி வைத்த அறிவிப்பாக, திறப்புக்கு முன் ஒலிக்கும் சங்காக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அணை நீரோடு மலை வெள்ளமும் சேரும்போது சவாரியை நிறுத்தும் அளவுகோலும் அதே பலகையில் இருக்க வேண்டும். காலி ஆற்றுக்குச் சட்டம் போட முடியுமென்றால் இங்கே ஒரு பலகை வைக்க முடியாதா?

கோலாட்டில் துடுப்புப் பிடித்துப் பிழைக்கும் உள்ளூர் இளைஞர்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. பாபட்டின் தெரு அந்த இடத்தைத் தின்றுவிட்டது, அடுத்த வாரம் அவர்கள்தான். அதற்குள் அங்கே போகிறவர்கள் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று தண்ணீர் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எவ்வளவு மழை பெய்தால் படகை நிறுத்துவீர்கள்? நேரான பதில் வராவிட்டால் ஏறாதீர்கள்.